எந்த ஆண்டின் திண்டிவனம்?

பிரிட்டனில் அதிகம் விற்கும் மாதிரி ரயில்கள் எல்லாம் இல்லாத ஒரு பாதையில்தான் ஓடுகின்றன. ‘டபுள் ஓ’ என்று அங்கே சொல்லும் அளவில், நிஜத்தின் ஓர் அடி மாதிரியில் 4 மில்லிமீட்டர். அந்தக் கணக்குப்படி அந்த நாட்டின் 4 அடி 8½ அங்குலப் பாதை 18.83 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மி.மீ. திருப்பிப் பெருக்கினால் 4 அடி 1½ அங்குலம். பிரிட்டிஷ் இன்ஜின்கள் ஒடுங்கிய உடல்வாகு கொண்டவை. அந்தக் காலத்து மோட்டார் அந்த உடலுக்குள் அடங்கவில்லை. உடலைக் கொஞ்சம் பெருக்கவைத்துவிட்டு, தண்டவாளத்தை ஐரோப்பிய அளவிலேயே விட்டுவிட்டார்கள். அன்றைக்குச் செய்த சமாளிப்பு நூறு ஆண்டை நெருங்குகிறது.

இதைச் சகிக்க முடியாத ஒரு கூட்டம் 1960களில் கிளம்பியது. 18.83 என்றால் 18.83தான். தண்டவாளமும் சக்கரமும் அந்தக் கணக்கில் தாங்களே செய்துகொண்டார்கள். ரிவெட் எண்ணுகிறவர்கள் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவர்களும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இந்த இரண்டு கூட்டத்திலும் பெரிய அபிமானம் இல்லை. ஆனால் இவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது, அது மெச்சத்தக்கது. “இது சரியா?” என்று கேட்டால், “எந்தத் தேதிக்கு?” என்று திருப்பிக் கேட்பார்கள்.

நீராவி இன்ஜின்களில் வேக சாதனை படைத்த மல்லார்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1938 ஜூலை 3ஆம் தேதி மணிக்கு 126 மைல் ஓடிய நாளில் அதன் எண் 4468, நிறம் நீலம், சக்கரங்களை மூடிய பக்கத் தகடுகள் உண்டு. போர்க்காலத்தில் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள், கறுப்பு அடித்தார்கள். 1946இல் எண் 22 ஆனது. 1948 ஜனவரியில் ரயில்வே முழுக்க அரசுடைமையாகி மண்டலங்களாகப் பிரிந்தபோது, எந்தப் பழைய கம்பெனியின் இன்ஜின் என்பதைப் பொறுத்து எண்ணோடு 30000, 40000, 60000 என்று கூட்டினார்கள். மல்லார்டு 60022 ஆயிற்று, பிறகு பச்சையும் ஆயிற்று. கிரேட் வெஸ்டர்ன் இன்ஜின்களுக்கு மட்டும் பித்தளையில் வார்த்த எண் பலகை என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். நீல நிறம், பக்கத் தகடு, 60022 என்ற எண், மூன்றும் சேர்ந்த ஒரு மாதிரியை யாராவது செய்தால் அப்படி ஒரு இன்ஜின் ஒருநாளும் இருந்ததில்லை. உறுப்பு ஒவ்வொன்றும் சரி, முழுசு மட்டும் தப்பு. அங்கே இதைச் சொல்லிவிட முடிகிறது. ஏனென்றால் எந்த இன்ஜின் எந்தத் தேதியில் எந்த டெண்டரோடு, அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியோடு, பட்டறையிலிருந்து வெளியே வந்தது என்பதற்கு அட்டை இருக்கிறது.

நம்மிடம் அட்டை இல்லாத கதைக்கு வருகிறேன்.

திண்டிவனத்தில் நண்பர் ஒருவர் மாடி அறையில் ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் கரி இன்ஜின் ஒன்றைப் பித்தளைத் தகட்டிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் செய்துகொண்டிருக்கிறார். அளவு ஏறக்குறைய 87இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜ் இந்த அளவில் 11.48 மி.மீ.; கிடைக்கும் தண்டவாளம் 12 மி.மீ. நிஜத்தில் நாலரை சென்டிமீட்டர்தான் கூடுதல். நம் அகலப்பாதையை இதே அளவில் செய்கிறவர்களுக்குத்தான் தலைவலி: 19 மி.மீ.க்கு மேல் வேண்டியதை 16.5இல் ஓட்டித் தொலைக்க வேண்டும். காலமெல்லாம் ‘சின்ன லைன்’ என்று ஏளனப்பட்ட பாதைக்கு மாதிரி உலகத்தில் மட்டும் நியாயம் கிடைத்திருக்கிறது. அந்தப் பாதையே ஒரு விசித்திரம். மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்த நாளில், இந்தியா சீக்கிரமே மெட்ரிக் அளவுக்கு மாறிவிடும் என்று நம்பிச் சரியாக ஒரு மீட்டர் என்று முடிவுசெய்தார்கள். மாறியது 1950களின் கடைசியில். அதுவரை அங்குலத்தில் வரைந்த வரைபடங்களில் 3 அடி 3⅜ அங்குலம் என்று எழுதிக்கொண்டு ஓட்டினார்கள்.

ஒய்.பி.யின் ஓட்டும் சக்கரம் 54 அங்குலம். நண்பரின் மேஜையில் அது 15.75 மி.மீ. அதன் சரக்கு வண்டித் தம்பியான ஒய்.ஜி.க்கு 48 அங்குலம். மாதிரியில் 14 மி.மீ. இந்த ஒன்றேமுக்கால் மில்லிமீட்டரில்தான் பயணி வண்டிக்கும் சரக்கு வண்டிக்கும் உள்ள நடை வித்தியாசமே அடங்கியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கும் பிரிட்டிஷ் மாதிரி ஒன்றை வாங்கி, மேலே மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று நான் ஆரம்பத்தில் கேட்டேன். இன்ஜினின் முகப்பைக் காட்டினார். பிரிட்டிஷ் இன்ஜினுக்கு இரு ஓரத்திலும் இரண்டு பஃபர். நம் மீட்டர் கேஜுக்கு நடுவில் ஒன்றுதான், கொக்கியும் அதிலேயே. மூக்கு இருக்கும் இடமே வேறு.

இன்னொரு தப்பையும் அவர்தான் தெளிவுபடுத்தினார். விழுப்புரம் பக்கம் கரி இன்ஜின் என்றாலே வெள்ளைக்காரன் காலத்தது என்பார்கள். பழைய காலத்துக் கதை சொல்லும் சினிமாக்காரர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். 1920இல் நடக்கும் காட்சியில் எந்தக் கரி இன்ஜின் கிடைத்தாலும் ஓட்டிவிடுவார்கள். ஒய்.பி. சுதந்திரத்துக்குப் பின் 1949இலிருந்து வந்த வகை. 1970 வரை 871 இன்ஜின்கள். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செய்தது, மியூனிக்கின் கிராஸ்-மாஃபை செய்தது, பிறகு ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்தது. நம் அப்பாக்கள் காலத்தில் ஜாம்ஷெட்பூரில் பிறந்த இன்ஜினைத் தாத்தாவின் எஜமானன் சொத்தாகக் கணக்கெழுதுவது ஒரு வேடிக்கைதான்.

சரி, வரைபடத்துக்கு எங்கே போவது? நார்த் பிரிட்டிஷ் கம்பெனி 1962இல் இழுத்து மூடப்பட்டது. அதன் வரைபடங்களும் படங்களும் கிளாஸ்கோவில் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலும் மிட்செல் நூலகத்திலும் பத்திரமாக இருக்கின்றன. தென்னிந்திய ரயில்வேக்கு இன்ஜின் அனுப்பிய மற்ற கம்பெனிகளின் காகிதங்கள் லிவர்பூலிலும் மான்செஸ்டரிலும். கிரேட் வெஸ்டர்ன் போன்ற பெரிய பிரிட்டிஷ் கம்பெனிகள் தங்களுக்கு வேண்டியதைப் பெரும்பாலும் தங்கள் பட்டறையிலேயே செய்துகொண்டன. இந்தத் தனியார் தொழிற்சாலைகளோ ஏற்றுமதியில்தான் பிழைத்தன. ஆக, அந்த நாட்டின் இன்ஜின் தொழிலில் ஒரு பெரும்பகுதி நமக்காக நடந்தது. அங்கே மாதிரி விற்கும் கடைகளின் பட்டியலில் அந்தப் பகுதிக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். சொந்த மண்டலத்து இன்ஜினின் புகைபோக்கி வளைவில் அரை மில்லிமீட்டர் பிசகினால் பொறுக்காதவர்களுக்கு, பக்கத்துத் தெருத் தொழிற்சாலையில் செய்து கப்பலேற்றிய இன்ஜின் வரலாறாகத் தோன்றவில்லை. நம் இன்ஜின்களை எண்ணிப் பட்டியலிட்ட பெரிய புத்தகமும் அங்கிருந்துதான் வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: ஹியூ ஹியூஸ் என்பவர் 1990 தொடங்கி நான்கு பாகங்களாக வெளியிட்டது. மீட்டர் கேஜுக்கு இரண்டாம் பாகம். திட்டுவதற்கும் நன்றி சொல்வதற்கும் ஒரே ஊரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கம்பெனிப் படங்களை நம்பி வண்ணம் அடித்துவிடக் கூடாது. புது இன்ஜின் வெளியே வந்ததும் படம் எடுப்பதற்கென்றே மங்கிய சாம்பல் நிறம் பூசுவார்கள். ரிவெட்டும் விளிம்பும் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக. படம் எடுத்து முடித்த பிறகு உண்மையான நிறம். அந்தச் சாம்பல் நிறத்தில் எந்த இன்ஜினும் ஒரு மைல் ஓடவில்லை. அந்தக் காலத்துப் பழைய ஃபிலிமுக்குச் சிவப்பு வேறு தெரியாது. செம்மண் நிறப் பெட்டியும் கறுப்பாகத்தான் விழும். ஆவணத்திலேயே மிகத் தெளிவானது எதுவோ, அது நடந்ததற்கு மிகத் தொலைவில் இருக்கிறது.

வரைபடம் சொல்வதெல்லாம் கிளாஸ்கோவை விட்டுப் புறப்பட்ட இன்ஜினைப் பற்றித்தான். விழுப்புரம் ஷெட்டில் இருபது, முப்பது வருடம் உழன்ற இன்ஜின் வேறு. ஐந்து தடங்கள் கூடும் ஊர்: செங்கல்பட்டுப் பக்கம் ஒன்று, கடலூர் வழி மெயின் லைன், 1920களின் இறுதியில் திறந்த திருச்சி கார்டு லைன், புதுச்சேரிக்கு ஒன்று, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு ஒன்று. ஐந்து பக்கத் தண்ணீரும் குடித்த பாய்லர். பெரிய பழுது என்றால் பொன்மலைப் பட்டறைக்குப் போகும். அங்கே பாய்லரை இறக்கிவிட்டு, தயாராக இருக்கும் வேறொரு பாய்லரை ஏற்றி அனுப்புவது வழக்கம். டெண்டரும் அப்படித்தான் கைமாறும். கிளாஸ்கோ சட்டத்தில் ஜாம்ஷெட்பூர் பாய்லர் உட்கார்ந்திருக்கலாம், பின்னால் யாருடைய டெண்டரோ. எண் மட்டும் பழையது.

டெண்டரின் பின்பக்க ஏணி இடப்புறமா வலப்புறமா என்று தெரியாமல் நண்பர் வெகுநாள் திணறினார். விழுப்புரத்தில் ஃபயர்மேனாகச் சேர்ந்து டிரைவராக ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

“ஐயா, பின்னாடி ஏணி எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“ஏணி எந்தப் பக்கம்னு பாத்தா ஏறுவோம்? இருக்கிற பக்கம் ஏறுவோம். நீ இன்னா தம்பி, அதெல்லாம் கேக்குற.”

கேட்டதை விட்டுவிட்டு வேறு பேச்சுப் போயிற்று: பென்ஷன், முட்டி வலி, பேரனின் என்ஜினீயரிங் காலேஜ். காபி வந்தது. டம்ளரை வைத்துவிட்டு அவராகவே எழுந்தார். திண்ணைத் தூணைப் பிடிப்பதுபோல் இடது கையை மேலே நீட்டி, வலது காலைத் தூக்கி வைத்து, உடம்பை வலப்பக்கம் ஒருக்களித்து ஓர் எம்பு எம்பினார். தண்ணீர்க் குழாயின் தோல்பையை இழுத்து டெண்டர் வாயில் விடுகிற பாவனை. அப்படியே நின்று, “குழாய் இந்தாண்ட இருக்கும்... அப்போ ஏணி இந்தாண்ட” என்று இடப்பக்கத்தைக் காட்டினார். நண்பர் குறித்துக்கொண்டார். அடுப்பு வாய்க்கும் கரி முகப்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கும் பெரியவர் அடிக்கணக்குச் சொல்லவில்லை. மண்வெட்டியை ஓங்கித் திரும்பிக் காட்டினார். காலை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் திருப்புகிற தூரம். டேப் வைத்து அளக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு புகைப்படம் கிடைத்தது. ஏணி வலப்புறம் இருந்தது.

இங்கேதான் நண்பரும் நானும் பிரிந்தோம். படம்தான் சாட்சி, கிழவரின் ஞாபகம் பிசகிவிட்டது என்றார் அவர். டெண்டர்கள் கைமாறிய ஊரில் இரண்டும் உண்மையாக இருக்கலாமே என்றேன் நான். அந்தப் படத்து இன்ஜின் வேறு நாளில் வேறு டெண்டரோடு நின்றிருக்கலாம். ஏட்டுச் சுவடி பதிப்பித்தவர்களுக்கு இது பழகிய சங்கடம். 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர், பிரதிக்குப் பிரதி மாறுகிற சொற்களில் ஒன்றை மேலே வைத்தார். மற்றதைக் கீழே பிரதிபேதமாகக் கொடுத்தார், தூக்கி எறியவில்லை. செல்லரித்துப் போன வரிகளில் புள்ளி வைத்துவிட்டுப் போனார். 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை இல்லை. இல்லாத பாட்டுக்கும் எண் உண்டு. யாப்பு அவருக்குத் தெரியாததா? இரண்டு சீரை இட்டு நிரப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் புள்ளிகளால்தான் மீதி வரிகளை நம்புகிறோம்.

மாதிரி செய்கிறவனுக்கு இதில் ஒரு கஷ்டம் உண்டு. புத்தகத்துக்கு அடிக்குறிப்பு போடலாம், பித்தளைக்குப் போட முடியாது. ஏணியை ஒரு பக்கம் ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டாமலே விடலாம் என்பது என் கட்சி: தெரியாத பக்கத்தை மொட்டையாக விடு, வண்ணம்கூட அடிக்காதே. பார்க்கிறவன் ஏன் என்று கேட்கட்டும். நண்பருக்கு இது பிடிக்கவில்லை. “இவ்வளவு பாடுபட்டு அரைகுறையா காட்டச் சொல்றீங்களா, சார்?” என்றார்.

அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் ருசியான விஷயம். பிரிட்டனின் ரயில்வேயில் நீராவி 1968 ஆகஸ்டோடு முடிந்தது. கையில் கேமராவும் மனசில் வெறுமையுமாக நின்ற ஆர்வலர்கள் இன்னும் கரி எரிகிற நாடுகளைத் தேடிக் கிளம்பினார்கள். இந்தியா பெரிய க்ஷேத்திரம். 1970களிலும் 80களிலும் அனுமதிக் கடிதத்தோடு ஷெட் ஷெட்டாகப் போய்ப் படமெடுத்தார்கள். விழுப்புரம் அந்த யாத்திரையில் ஒரு ஸ்தலம். உள்ளூர்க்காரனிடம் கேமரா இல்லை. இருந்தாலும் நிலையத்தைப் படமெடுக்க அனுமதி கேட்டு அலைய வேண்டும். அவர்கள் எடுத்தது பெரும்பாலும் முகப்பும் ஒரு பக்கமும் தெரிகிற முக்கால் பார்வை, வெயில் விழுகிற பக்கமாக நின்று. டெண்டரின் முதுகை யார் எடுப்பார்கள்? வழி தவறிய ஒரு படத்தில் வந்தால்தான் உண்டு.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நண்பர் செய்ய விரும்புவது விழுப்புரம் அல்ல, திண்டிவனம். சொந்த ஊர். பிளாட்பாரத்தில் ஒய்.பி. எக்ஸ்பிரஸ் வண்டியை இழுத்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும். ஆனால் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 1960களின் நடுவில் மின்கம்பி வந்துவிட்டது. இந்தியாவில் மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடிய ஒரே தடம் சென்னைக் கடற்கரையிலிருந்து விழுப்புரம் வரையிலான இதுதான். அதற்கென்று ஜப்பானிலிருந்து 20 மின்சார இன்ஜின்கள் வந்தன. எழும்பூரில் கிளம்பிய வண்டிக்கு விழுப்புரத்தில் மின்சார இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரி இன்ஜினையோ டீசலையோ மாட்டுவார்கள். வெளிநாட்டார் விழுப்புரத்துக்கு வந்ததே அந்த மாற்றத்துக்காகத்தான் என்று தோன்றுகிறது: மேலே 25,000 வோல்ட் கம்பி, கீழே கரிப்புகை. திண்டிவனத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. ஆக, படம் இருக்கிற காலத்தில் திண்டிவனத்தில் அவர் விரும்பும் காட்சி இல்லை; காட்சி இருந்த காலத்துக்குப் படம் இல்லை.

இந்தக் கணக்கில் அவருக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 15 வருடம்: ஒய்.பி. வந்த 1950 வாக்கிலிருந்து கம்பி வரும்வரை. அந்த 15 வருடமும் ஒரே மாதிரி இல்லை. 1951 ஏப்ரலில் தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனிப் பெயர் போய்த் தெற்கு ரயில்வே வந்தது. டெண்டரில் எழுத்து மாற வேண்டும். 1957 வாக்கில் அகில இந்திய எண் முறை. அதற்கு முந்தைய பழைய இன்ஜின்களைப் பக்கத்தில் நிறுத்தினால் அவற்றின் எண் மாறும். 1956 நவம்பர் 23 அதிகாலையில் இதே வழியாகப் போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றில் கவிழ்ந்து 150 பேர் அளவில் செத்தார்கள். லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே மந்திரி பதவியை விட்டார். அதற்கு முந்திய வாரத்தின் பிளாட்பாரமும் பிந்திய வாரத்தின் பிளாட்பாரமும் ஒன்றா? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது. போட் மெயிலுக்குப் போய்ச் சேர ஊர் இல்லை.

இவை எல்லாவற்றையும்விட வில்லங்கமானது நிலையத்துப் பெயர்ப்பலகை. 1952 ஆகஸ்டில் பெரியாரும் தி.மு.க.வும் ரயில் நிலையப் பலகைகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கும் போராட்டம் நடத்தினார்கள். மறு வருடம் ஜூலையில் இதே கார்டு லைனில், டால்மியாபுரம் என்றிருந்த பலகையின் மேல் கல்லக்குடி என்று ஒட்டிவிட்டுக் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தார். பிரிட்டிஷ் ஆர்வலருக்குப் பெயர்ப்பலகை என்றால் எழுத்துருவும் பச்சையின் சாயலும்தான் பிரச்சினை. நமக்கு அது கட்சி. 1952 செப்டம்பர் என்று தேதி குறித்துவிட்டுப் பளிச்சென்ற பலகையை நிறுத்தினால், ரிவெட் எல்லாம் சரியாக இருந்து என்ன? தார் பூசினால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். நண்பர் இதைக் கேட்டதும் 1955க்குத் தாவிவிட்டார். தாவியதைக் குறைசொல்ல மாட்டேன். தேதி தேர்ந்தெடுப்பது என்றாலே எதையோ தவிர்க்கத் தேர்ந்தெடுப்பதுதான்.

இந்தச் சள்ளையே இல்லாத ஒரு மாதிரி மரபும் நம்மிடம் இருக்கிறது. விழுப்புரத்திலும் பண்ருட்டியிலும் காகிதக்கூழ் பொம்மை செய்கிறவர்கள் தலைமுறையாக இருக்கிறார்கள். நவராத்திரிக் கொலுவில் அவர்கள் செய்த செட்டியார் உட்கார்ந்திருப்பார். கீழே பூங்காவில் சாவி கொடுத்த ரயில் சுற்றும். செட்டியாரின் தொந்திக்குள் அந்த ரயிலே அடங்கும். தசாவதாரத்துக்கும் கிரிக்கெட் செட்டுக்கும் அதே படி. அளவு பொருந்தவில்லை என்று எந்த மாமியும் குறை சொன்னதில்லை; சுண்டல் வாங்கப் போகிற இடத்தில் யாரும் ஸ்கேல் எடுத்துப் போவதில்லை. கொலு எதையும் நிரூபிக்க வருவதில்லை. நண்பரின் மேஜை நிரூபிக்க வருகிறது. அதனால்தான் அதனிடம் கணக்கு கேட்க வேண்டியிருக்கிறது.

இப்போது 1955ஆம் வருடத் திண்டிவனம் என்று தீர்மானமாகிவிட்டது. இன்ஜினுக்கு இடப்பக்க ஏணி, பெரியவர் சொன்னபடி. புகைப்படம் அதற்குப் பிந்திய காலத்தது, அது பிரதிபேதம் என்று நண்பரே ஒருநாள் போனில் சொன்னார். மொட்டையாக விடச் சொன்ன என் யோசனையை ஏற்கவில்லை. ஆனால் பாதி வேலை முடிவதற்குள் இன்ஜின் அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. சரக்கு மேடைக்கு என்ன வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் திண்டிவனத்துக்கு வேர்க்கடலைதான். ஊரின் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி.-2 என்ற ரகம் அப்போது பல மாவட்டங்களில் விதைப்பில் இருந்தது. ரயில் நிலையத்தின் குறியீடும் அதே டி.எம்.வி.தான். மூட்டைகள் அடுக்க வேண்டும், ஒவ்வொன்றும் சென்டிமீட்டர் உயரம். மூட்டை தூக்குகிற ஆள் 19 மி.மீ. மேலாடை இல்லை, தலையில் சும்மாடு. அப்படி ஒரு உருவத்தை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் விற்பதில்லை. தொப்பிக்காரப் போர்ட்டர்கள்தான் டஜன் கணக்கில் கிடைக்கிறார்கள். ஒருவரை வாங்கி, தொப்பியைச் சீவி, கோட்டைச் சுரண்டிப் பார்த்தார். தோள்பட்டை வரவில்லை. சுமக்கிறவனின் தோளும் கம்பி பிடித்து நிற்கிறவனின் தோளும் வேறு. களிமண்ணில் புதிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

மூட்டையில் அந்தக் காலத்தில் மண்டிக்காரர்கள் மையால் என்ன குறி போடுவார்கள், எந்த மூலையில் போடுவார்கள் என்று ஊருக்குள் வயதானவர்களைத் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆளுக்கொன்று சொல்கிறார்களாம்.